செயலாளரின் ஆண்டறிக்கை: பூட்டன் பேர் தேடிய வருடம்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவுக்கும், ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கமிருந்து வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும், கொழும்பில் வேலைக்கு நிற்பதால் வர முடியாமல் இதை வட்சப்பில் வாசிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் வணக்கம். இந்தியாவிலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரைத் தேடுகிற நமது சங்கத்தின் இந்த வருட அறிக்கை இது.

வரவு செலவுக் கணக்கை எனக்குப் பிறகு பொருளாளர் வாசிப்பார். போட்டோக் கொப்பி, பஸ் காசு, கூட்டத்துக்குத் தேத்தண்ணி, இவ்வளவுதான் நமது செலவு. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றைக்கே கட்டிவிட்டால் நல்லது.

இந்த வருடம் நாம் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால், போயா (பௌர்ணமி) தினக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தை "யாருக்கு என்ன கிடைத்தது?" என்ற கேள்விக்கு ஒதுக்கியதுதான் என்பேன். ஒரு பேர் கிடைத்தாலும் சரி, ஒரு வருடம் கிடைத்தாலும் சரி, ஒரு பழைய படத்தில் ஓரமாக நிற்கிற பெண் யாரென்று தெரிந்தாலும் சரி, எழுந்து நின்று சொல்ல வேண்டும், எல்லோரும் கை தட்ட வேண்டும், சொன்னவர் வீட்டிலிருந்து அடுத்த கூட்டத்துக்கு வடையோ கேசரியோ வரும். இதை ஏன் கொண்டுவந்தோம் என்றால், தொடக்கத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் ஊர், பூட்டன், அவருக்கும் அப்பன் என்று ஏழு தலைமுறையும் ஒரே தாளில் கிடைக்கும் என்று நினைத்து வந்தார்கள், இரண்டு மாதம் தேடி ஒன்றும் வராததால் மனம் விட்டு நின்றுவிட்டார்கள். நமக்கு அப்படிக் கிடைக்காது. 1820களிலேயே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களுக்கு ஆள் ஆளாக யார் கணக்கு வைத்தார்கள்? ஆட்களைத் திரட்டிக் கூட்டிவந்த கங்காணி பேரில்தான் கூட்டம் கணக்கானது. அதற்குப் பிறகு எழுதிவைத்த தாள்களிலும் பாதி ஒழுகுகிற லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கூரைக்கு அடியில் ஊறிப்போனது, 77இலும் 83இலும் கலவரத்தில் வீட்டை விட்டு ஓடினவர்கள் பிள்ளையைத் தூக்கினார்களே தவிர பெட்டியைத் தூக்கவில்லை. ஆகவே வருவது துணுக்குத் துணுக்காகத்தான் வரும். ஒவ்வொரு துணுக்கையும் கொண்டாடாமல் விட்டால் தேடுகிறவர்களுக்குத் தெம்பு வராது என்பது என்னுடைய உறுதியான எண்ணம்.

சரி, கிடைத்தவற்றில் சிலதைச் சொல்கிறேன். வீட்டார் அனுமதி இல்லாமல் யாருடைய பேரையும் எழுதுவதில்லை என்று தீர்மானம் எடுத்திருக்கிறோம், அதனால் இந்த அறிக்கையில் பேர் இருக்காது.

மேல்பிரிவு அக்கா ஒருவர் மாசிக் கூட்டத்துக்கு ஒரு சாவிக் கொத்தைக் கொண்டுவந்தார். அலுமாரிச் சாவியோடு கோத்திருந்த ஒரு வட்டத் தகரம், பழைய ஐம்பது சதக் காசை விடக் கொஞ்சம் பெரிது, மேலே ஓட்டை, நடுவில் குத்திப் பதித்த எண்கள். அவருடைய அப்பாயி சாகும்வரை இடுப்புச் சுருக்குப் பையில் வைத்திருந்ததாம், அப்புறம் பிள்ளைகள் விளையாடி, கடைசியில் சாவியில் வந்து சேர்ந்திருக்கிறது. நமது ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது டின் டிக்கட் தாயி, இத கழுத்துல கட்டித்தான் ஆள அனுப்புவாங்க" என்றார். அப்போது கூட்டத்தில் ஒருவர் வாயும் அசையவில்லை. 1900களின் தொடக்கத்தில் வந்த முறை அது: தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். எழுதப் படிக்கத் தெரியாத ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வழியில் இருக்கிற அதிகாரிகள் அந்தத் தகரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். பிரயாணச் செலவு அந்தத் தோட்டத்துக் கணக்கில் ஏறும், பிறகு ஆளுடைய கடனாக வந்து நிற்கும். அந்தத் தகரத்தை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தோம், என் முறை வந்தபோது ஓரம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது எனக்குத் தெரிந்தது, எத்தனை வருடம் அந்த அம்மா விரலால் தடவியிருப்பார். அதில் உள்ள தோட்ட எண் எந்தத் தோட்டம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். அது தெரியும் வரைக்கும்கூட, அந்த வீட்டுக்கு இது ஒரு பெரிய செல்வம். சாவிக் கொத்திலிருந்து கழற்றி மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஒரு விண்ணப்பத்தின் பிரதி. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் செய்ததும், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் மனுப் போடச் சொன்னதும், 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி கடைசி நாளாக இருந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. மனுப் போட்டவர் இத்தனை வருடம் தொடர்ந்து இங்கேயே இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டும், கல்யாணம் கட்டினவர் என்றால் ஏழு வருடம், கட்டாதவர் என்றால் பத்து. அதற்காக எந்தத் தோட்டத்தில் எப்போதிருந்து எப்போது வரை, மனைவி யார், பிள்ளைகள் யார் யார் என்று எல்லாம் எழுத வேண்டியிருந்தது. பெரும்பாலான மனுக்களைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் தள்ளிய மனுவின் பிரதி ஒன்று கீழ்ப்பிரிவு அண்ணன் வீட்டில், சாதகக் கட்டுக்குள் மடித்து இருந்திருக்கிறது. மடிப்பில் தாள் கிழிந்து நாலு துண்டாகிவிட்டது, ஊதா மையில் பெருவிரல் ரேகை மட்டும் நேற்று வைத்தது போல இருக்கிறது. பிள்ளைகள் வரிசையில் அவருடைய அப்பாவுக்கு மேலே ஒரு பெண் பிள்ளையின் பேர், வயது நான்கு. அப்படி ஓர் அத்தை இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது, யாரும் சொன்னதில்லை. அண்ணன் அதைக் கூட்டத்தில் சொன்னபோது கை தட்டுவதா வேண்டாமா என்று எல்லோரும் தயங்கினோம். அவரே, "தட்டுங்க, எங்க வீட்டுக்கு ஒரு ஆள் கூடியிருக்கு" என்றார். அடுத்த ஆடியில் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துப் படையல் போட்டதாகச் சொன்னார்.

ஊர் கண்டுபிடிக்கிற விஷயத்தில் இந்த வருடம் நமக்கு அதிகம் உதவியது தாள் இல்லை, சாமி. தோட்டத்துக்குள் இருக்கிற சின்னச் சின்னக் கோவில்கள் பலவற்றுக்கு ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்துதான் சாமியை நிறுத்தினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மதுரை வீரன், கருப்பண்ணசாமி, முனியாண்டி எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், அதை வைத்து ஊர் சொல்ல முடியாது. ஆனால் சாமியை அழைக்கும்போது பாடுகிற வரியில் ஆறு வரும், மலை வரும், சந்தை வரும். ஒரு தாத்தா உடுக்கடித்து அழைத்ததை நம் பையன்கள் போனில் பதிவு செய்தார்கள், அதில் பச்சைமலையும் துறையூர்ச் சந்தையும் வருகிறது. வம்சமே சேலம் என்று சொல்லிக்கொண்டிருந்த குடும்பம் இப்போது திருச்சிப் பக்கம் தேடத் தொடங்கியிருக்கிறது. ஒப்பாரியும் அப்படித்தான். கூலி கொடுத்து ஏற்றிவிட்ட ஊரைச் சொல்லி அழாத அம்மாயி நம்மில் யாருக்கு இருந்தார்? சாவு வீட்டில் போய்ப் பதிவு செய்வதை நான் விரும்பவில்லை, அதை இங்கே எழுதிவைக்கிறேன். காரியம் எல்லாம் முடிந்த பிறகு, சாவகாசமாக, அவர்களே சொல்லச் சம்மதித்தால் மட்டும் கேட்கலாம்.

கேட்பதிலும் ஒரு வகை இருக்கிறது. ஒரு பாட்டியிடம் "எந்த வருசம் பொறந்தீங்க" என்று கேட்டால் ஐடென்டி காட்டில் உள்ளதைச் சொல்வார், அது யாரோ ஒரு கிளாக்கர் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கும். "காசல்ரீ அணை கட்டுறப்ப நீங்க கொழுந்து எடுத்தீங்களா, பிள்ளைமடுவத்துல இருந்தீங்களா" என்று கேளுங்கள் (பிள்ளைமடுவம் என்றால் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்), கதை தன்னால் வரும். அந்த அணை முடிந்தது 1965, அதிலிருந்து வயதைக் கணக்குப் போடலாம். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். பிரதமர் சிறிமா காலத்துப் பஞ்சம் 70களின் நடுவில். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது 1972க்கும் 1975க்கும் இடையில். காமன் கூத்தில் யார் மன்மதன் வேசம் கட்டினார், யார் ரதி என்று கேட்டால் ஒரு தலைமுறை ஆண்களின் பேர் முழுவதும் வந்துவிடுகிறது. இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து வைத்திருக்கிறோம், போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள்.

மஸ்கெலியா பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிய சமயம் பழைய நகரத்துக் கோவில் தெரிகிறது என்று கேள்விப்பட்டு ஒரு வேன் பிடித்துப் போனோம். 1969இல் மூழ்கிய நகரம். நம் அங்கத்தவர் ஒருவரின் பாட்டனார் அங்கே கடையில் கணக்கெழுதியவர், கடை எங்கே இருந்தது என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. கூட வந்த மஸ்கெலியாப் பெரியவர் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் சேற்றைப் பார்த்துக் கை நீட்டி, கடை வரிசை இப்படிப் போனது, ரொட்டிக் கடை இங்கே, துணிக்கடை அங்கே என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே நடந்தார். வரைபடம் ஒன்று அன்றைக்கே போட்டோம், அது இப்போது நமது அலுமாரியில் இருக்கிறது. திரும்பும் வழியில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்திலும் இறங்கினோம். துரைமார்களின் கல்லறைகளில் பேர், வயது, பிறந்த ஊர் எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. நம் ஆட்களைப் புதைத்த மேட்டில் தேயிலை நட்டிருக்கிறது. எனக்கு அங்கே கோபம் வந்தது, மறைக்க வேண்டியதில்லை. கல் இல்லாதவர்களுக்குத்தான் நாம் இந்த வேலையைச் செய்கிறோம்.

தோட்டப் பேர் குழப்பத்துக்கும் ஒரு வழி கிடைத்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் உள்ள தோட்டம் இன்றைக்கு எங்கேயுமே இல்லை என்று பலர் வந்து நிற்கிறார்கள். சின்னத் தோட்டங்கள் பெரிய தோட்டங்களோடு சேர்ந்து டிவிசன் ஆகிவிட்டன, நம் ஆட்கள் கூப்பிடுகிற பேர் வேறு, துரை எழுதின பேர் வேறு. பழைய பெர்குசன் டிரெக்டரிகளில் தோட்டம், ஏக்கர், துரை பேர் என்று வருடாவருடம் போட்டிருப்பார்கள், அதை ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தத் தோட்டம் எதற்குள் போனது என்று பிடிக்கலாம். கொழும்பில் படிக்கிற நமது பிள்ளைகள் இரண்டு பேர் சுவடிகள் கூடத்தில் உட்கார்ந்து நமது பகுதிப் பக்கங்களைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கூட்டத்தின் நன்றி.

அக்கரை போனவர்களைப் பற்றிய தேடல்தான் எல்லா வீட்டுக்கும் பொதுவானது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில், நாடற்ற நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதி என்று பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே. தலைமன்னார்க் கோச்சியில் (ரயிலில்) ஏற்றிவிட்டதோடு சரி, கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. ஒரு மாமி, தன் அக்காவிடமிருந்து வந்த கடிதத்தைத் தொலைத்துவிட்டு உறையை மட்டும் வைத்திருந்தார். உறையில் கோத்தகிரி முத்திரை இருந்தது. நீலகிரியில் தாயகம் திரும்பினவர்களுக்காகத் தொடங்கிய டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலை நிறுவனம்) தோட்டங்களில் நம் அங்கத்தவர் ஒருவருக்குச் சொந்தம் இருந்ததால், உறையைப் படம் எடுத்து அனுப்பினோம், அது கைமாறிக் கைமாறி ஒரு வீட்டுக்குப் போய், அக்காவின் மகள் போன் எடுத்தாள். அக்கா இல்லை. மகள் முதலில் கேட்டது, "சின்னம்மா, நம்ம லயத்துக்கு முன்னால நின்ன கொய்யா மரம் இன்னும் இருக்கா?" மாமியால் அன்றைக்கு வேறொன்றும் பேச முடியவில்லை, மறுநாள்தான் பேசினார். பிறகு தினமும் பேசுகிறார்கள்.

சில பழைய பதிவுகளில் சாதி எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து யாரும் யாரையும் அளக்கக் கூடாது, பொதுக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது, குழுவில் படம் போடக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

அடுத்த வருடத்துக்கு இரண்டு தீர்மானங்களைச் சபையின் முன் வைக்கிறேன். ஒன்று, எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிற வீடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளை இருவர் இருவராக அனுப்பிக் குரல் பதிவு எடுப்பது. மற்றது, லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குக் குடி போகிறவர்கள் பழைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் போடும் முன் சங்கத்துக்கு ஒரு போன் அடிக்க வேண்டும், ஸ்கேன் எடுத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இரண்டையும் முன்மொழிகிறேன், வழிமொழிகிறவர்கள் கையை உயர்த்துங்கள். அதன் பிறகு பொருளாளரை அழைக்கிறேன்.