மோர் குடித்துவிட்டுப் போனார்கள்

அம்மிணி,

சௌக்கியமா? பத்து நாளாகப் போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். வேலை இருக்கும், தெரியும். செவலை போன வாரம் கிடாரிக் கன்று போட்டது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை ரெண்டு பேர் பைக்கில் வந்தார்கள். உன் படத்தில் வேலை செய்கிறவர்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அம்மா மோர் கொடுத்தாள், குடித்தார்கள். கிளம்பும்போது ஒருத்தர் வாசல், களம், மாட்டுக்கொட்டகை எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தார். நல்ல லொகேஷன் என்றார். அப்புறம், வீட்டு வரி ரசீது யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். லொகேஷன் பார்க்க வந்தவருக்கு அது எதற்கு? நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

சரி, அதை விடு.

பொங்கலுக்குத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் காட்டினாயே, அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. படத்துக்கு மொத்தம் 40 லட்சம். சிநேகிதர்கள் போட்டது 11, உன் சேமிப்பு 6. மீதிக்கு நெதர்லாந்தில் ராட்டர்டாம் திரைப்பட விழாக்காரர்களின் ஹியூபர்ட் பால்ஸ் நிதிக்கு விண்ணப்பம் போடுவதாகச் சொன்னாய். நவம்பரில் மத்திய அரசின் திரைப்பட நிறுவனம் என்.எஃப்.டி.சி. கோவாவில் நடத்துகிற ஃபிலிம் பஜாரில் பணம் போட ஆள் பிடிக்கலாம் என்றாய். அரசு மானியம் படம் வெளிவந்த பிறகுதான், ஓடிடிக்காரர்கள் முடிந்த படத்தைப் பார்க்காமல் பேசவே மாட்டார்கள் என்றும் நீயே சொன்னாய். இதில் எதுவும் அவசரத்துக்கு வருகிற பணம் இல்லை. ஆனால் ஷூட்டிங் முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். யூனிட்டுக்குத் தினப்படி பேட்டா, சாப்பாடு, கேமரா வாடகை எல்லாம் எங்கிருந்து வந்தது?

தாளின் பின்பக்கம் நான் ஒரு கணக்குப் போட்டேன். மீதி 23 லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கினால் மாசம் 69,000. வருஷத்துக்கு 8,28,000. அசல் அப்படியே நிற்கும். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே கண்ணு.

நீ சொன்ன குஜராத் கதையைப் பால் சொசைட்டியில் எல்லோரிடமும் சொன்னேன். 1976-ல் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு 'மந்தன்' படம் எடுத்ததை. கேனை வைத்துவிட்டு நின்று கேட்டார்கள். உங்க பொண்ணு படத்துக்கு நாங்களும் போடறோம் என்று செயலாளர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றைக்கு எத்தனை லிட்டர் ஊற்றினேன் என்றுகூட ஞாபகம் இல்லை. ஆனால் அம்மிணி, அங்கே பின்னால் ஒரு சங்கம் நின்றது. படம் ஓடாமல் போயிருந்தாலும் அந்த 2 ரூபாயைக் கேட்டு யாரும் யார் வீட்டு வாசலுக்கும் போயிருக்க மாட்டார்கள். உனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் அத்தையிடமாவது கேட்டிருக்கலாம். வெற்றுத் தாள், வெற்றுச் செக், எதிலும் போடாதே.

நீ ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கிணத்துமேட்டை உன் படிப்புக்காக விற்றேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் முன்னாலேயே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அது பொய். 2012-ல் மழை இல்லாமல் மூணு போர் போட்டேன். கடைசி போர் 850 அடி. புழுதிதான் வந்தது. நாலு லட்சம் மூணு வட்டிக்கு வாங்கினேன். எழுதாத ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அதில் அவர்களே எழுதிக்கொண்டார்கள். அநியாய வட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதுகூட எனக்குத் தெரியாது. வெட்கத்தில் ஒரு வக்கீலைக்கூடப் பார்க்கவில்லை. நிலம் போனது அதற்குத்தான். உன் காலேஜ் ஃபீஸ் மொத்தமும் அம்மா பால் ஊற்றிக் கட்டியது. அவளுக்கு எல்லாம் தெரியும், என் மானத்துக்காக இத்தனை வருஷம் வாய் திறக்கவில்லை. அந்தப் பாரத்தை உன் தலையில் வைத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். உன்னால் இந்த வீட்டில் ஒரு சென்ட் நிலமும் போகவில்லை, கண்ணு. நீ எங்களுக்குக் கடன்பட்டவள் இல்லை.

அவர்கள் புதன்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நீ வந்துவிடு. கடன் தீராவிட்டால் ரிலீஸுக்கு முந்தின ராத்திரி தியேட்டருக்குப் படத்தைத் திறக்கிற டிஜிட்டல் சாவி போகாமல் தடுத்துவிடுவார்கள் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். இப்போது படத்தின் ஹார்ட் டிஸ்க் யார் கையில் இருக்கிறது? உன்னிடம் இருந்தால் கையோடு கொண்டு வா. எவ்வளவு வாங்கினாய், எந்தத் தேதியில், எதில் எல்லாம் கையெழுத்துப் போட்டாய், மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள். தாராபுரத்தில் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டேன், உன் பேர் சொல்லவில்லை. எந்த பஸ் என்று மட்டும் சொல், எத்தனை மணியானாலும் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அப்பா