முனைவீட்டுக்கு மூன்றரை மடங்கு: மேம்பாட்டுக் கட்டணம் குறித்து நகராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் தெருவின் சாலை, நடைபாதை, மழைநீர் வடிகால் ஆகியவற்றைப் புதுப்பித்ததற்கான மேம்பாட்டுக் கட்டணக் கேட்பறிவிப்பு சென்ற வாரம் வீடுதோறும் வந்து சேர்ந்தது. அந்த வேலையின் செலவைத் தெருவின் மனை உரிமையாளர்களிடமே பங்கிட்டு வசூலிக்கும் கட்டணம் இது. வேலை தேவைப்பட்டது, அது நன்றாகவும் நடந்தது. எங்கள் கேள்வி, செலவைப் பங்கிட்ட முறையைப் பற்றியது மட்டுமே.

மனையின் முகப்பு நீளத்தை, அதாவது தெருவை ஒட்டிய பக்கத்தின் நீளத்தை அளந்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் விதித்திருக்கிறீர்கள். தெரு நடுவில் இருக்கும் என் வீட்டுக்கு முகப்பு 12 மீட்டர். தெருமுனையில் தனியாக வசிக்கும் 78 வயது அம்மையாரின் மனையும் அதே அளவுதான். ஆனால் அது முனைமனை என்பதால் முன்பக்கத்து 12 மீட்டரோடு பக்கவாட்டின் 30 மீட்டரையும் சேர்த்து, 42 மீட்டருக்குக் கேட்டிருக்கிறீர்கள். பக்கவாட்டில் அவருக்கு வாசலோ சன்னலோ கிடையாது, நீண்ட மதில் ஒன்றுதான் உண்டு. அந்த மதிலோரம் போட்ட நடைபாதையில் பள்ளிப் பிள்ளைகள் முதல் பேருந்து நிலையம் செல்வோர் வரை ஊரே நடக்கிறது. அறிவிப்பைப் படித்துக்காட்டச் சொல்லி என்னை அழைத்த அந்த அம்மையார், முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பக்கம் எனக்கு வாசலே இல்லையே" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருந்தால் அவருக்கே தெரிவிக்க வேண்டுகிறேன். பத்தாண்டுத் தவணையில் வட்டியோடு செலுத்தலாம் என்ற சலுகையையும், செலுத்தத் தவறினால் தொகை வீட்டின் மீது கடனாக ஏறும் என்ற எச்சரிக்கையையும் ஒரே பத்தியில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழும் ஒருவர் அந்தப் பத்தியை எப்படிப் படிப்பார் என்று யாரேனும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தீர்களா?

பொதுவரி வேறு, மேம்பாட்டுக் கட்டணம் வேறு. வரி செலுத்துபவர் தமக்கு நேராக என்ன கிடைத்தது என்று கேட்க முடியாது. ஆனால் மேம்பாட்டுக் கட்டணத்துக்கு இருக்கும் ஒரே நியாயம், அந்த வேலையால் அந்தச் சொத்துக்கு மட்டும் தனியாக ஒரு பலன் கூடியது என்பதுதான். இது புதிய வாதமன்று. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்திலுள்ள நார்வுட் என்ற ஊராட்சி, பேக்கர் என்ற பெண்மணியின் நிலத்தின் குறுக்கே தெரு அமைக்க ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு, அதற்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் அவருடைய மீதி நிலத்தின் மேலேயே முகப்பு நீளக் கணக்கில் திருப்பி ஏற்றியது. கிடைத்த தனிப்பலனைவிடக் கணிசமாக மிகுந்த தொகையை வசூலிப்பது, ஈடு தராமல் தனியார் சொத்தை எடுப்பதற்கு ஒப்பாகும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1898இல் தீர்ப்பளித்தது. 1901இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் முகப்பு நீள முறையை ஏற்றதையும் நான் அறிவேன். சட்டம் ஒரு முறையை அனுமதிப்பதால் மட்டும் அது எல்லா மனைக்கும் நியாயமாகிவிடாது. அந்நாட்டின் கலிபோர்னியா மாநில வாக்காளர்கள் 1996இல் வாக்களித்து ஏற்ற 218ஆம் முன்மொழிவு என்ற சட்டத்திருத்தத்தின்படி, இத்தகைய கட்டணத்துக்குத் தனிப்பலனையும் பொதுப்பலனையும் பிரித்துக் கணக்கிட வேண்டும். உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, 45 நாள்களாவது கழித்தே பொது விசாரணை நடத்த வேண்டும். கட்டணம் பலனுக்கு ஏற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அரசு அமைப்பையே சாரும்.

எங்களுக்கோ வேலை முடிந்த பிறகுதான் தொகையே தெரிந்தது. ஊர் முழுவதும் நடக்கும் பாதைக்கு ஊர்ப் பொதுநிதியிலிருந்து எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பது அறிவிப்பில் ஓரிடத்திலும் இல்லை. முதன்மைச் சாலைகளைப் பொதுநிதியில் செப்பனிடும்போது அந்த நிதியில் எங்கள் சொத்துவரியும் இருக்கிறது. உட்தெருவுக்கு வந்ததும் எங்களைத் தனியே செலுத்தச் சொல்கிறீர்கள். பொது என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒவ்வொரு முறையும் தங்கள் வசதிக்கேற்ப வரையறுத்தால், அடுத்த அறிவிப்பை எவரும் நம்பிப் பிரிக்க மாட்டார்கள். கடுமையாகப் பேசிவிட்டேன், பொறுத்தருள்க. கோரிக்கைக்கு வருகிறேன்.

பலனைக் கணக்கிட்டுக் காட்டிய பிறகே கட்டணம் கேளுங்கள். பொதுப்பலனுக்குரிய பங்கைப் பொதுநிதியில் ஏற்றுக்கொண்டு, முனைமனைகளுக்கு வாசல் இல்லாத பக்கத்தின் நீளத்தைக் கழித்து, ஒவ்வொரு மனைக்கும் வந்த கணக்கை எழுத்தில் தாருங்கள். அதன்மேல் எங்கள் ஆட்சேபணைகளைக் கேட்க ஒரு நாளைக் குறியுங்கள். அதுவரை வசூலையும் வட்டியையும் நிறுத்திவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முதல் தவணைக்கான நாள் நெருங்குவதால், அதற்கு முன்பே அந்த அம்மையாருக்கு ஒரு பதில் கடிதமாவது வந்து சேர ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
அதே தெருவின் 12 மீட்டர் முகப்புக்காரர்