அடித்தள ஆண்டுடன் வரலாற்றுப் பட்டம்: மறுக்கப்பட வேண்டிய ஓர் எண்ணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஓகஸ்ட் மாதமும் ஏ லெவல் முடிவுகள் வெளியாகும் நாட்களில் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கம் எங்கள் வீடுகளில் கவனமாக வாசிக்கப்படுகிறது. மருத்துவம், பொறியியல், கணக்கியல், கணினி ஆகியவற்றுக்கான வழிகாட்டல் அதில் நிறைவாகவே கிடைக்கிறது. ஆனால் 'பவுண்டேஷன் இயர்' என்று இங்கிலாந்தில் எல்லோரும் அழைக்கும் அடித்தள ஆண்டைப் பற்றி நம்மவரிடையே நிலவும் எண்ணம், பரீட்சையில் தவறியவர்கள் ஒரு வருடத்தையும் காசையும் வீணாக்கும் இடம் என்பதாகவே இருந்துவருகிறது. அதுவும் வரலாற்றுப் பட்டத்துக்காக அந்த ஆண்டைப் படிக்கப் போவதாக ஒருவர் சொன்னால், அவருடைய எதிர்காலத்தை நினைத்து உறவினர் அனைவரும் கவலைப்படத் தொடங்கிவிடுகின்றனர். அந்த வழியாகவே பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, பகலில் வேலைக்கும் மாலையில் வகுப்புக்கும் போய்க்கொண்டு இன்று வரலாற்றுப் பட்டப்படிப்பில் இருப்பவன் என்ற முறையில், இவ்வெண்ணம் தவறானது என்பதைக் காரணங்களோடு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அடித்தள ஆண்டு என்பது மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு முன்னால் சேர்க்கப்படும் ஓர் ஆண்டு ஆகும். இங்கிலாந்தில் இது பெரும்பாலும் ஏ லெவல் தரத்தை ஒத்த மூன்றாம் நிலையில், 120 கிரெடிட் புள்ளிகள் கொண்ட பாடநெறியாக அமைகிறது. இதில் தேறுவோர் அதே பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டுக்குச் செல்கின்றனர். இதில் பெறும் மதிப்பெண்கள் பட்டத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில் சேர்க்கப்படுவதில்லை. முடிவில் கையில் கிடைப்பது ஏனைய மாணவர்கள் பெறும் அதே பட்டமே.

நம்மில் பலர் வரலாற்றை ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் மனனம் செய்யும் பாடமாகவே பள்ளியில் கற்றோம். பல்கலைக்கழகம் எதிர்பார்ப்பது முற்றிலும் வேறானது. ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்தால், அதை யார் எழுதினார், யாருக்கு எழுதினார், எந்தத் தேவைக்காக எழுதினார், அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்கும் பழக்கத்தை அது எதிர்பார்க்கிறது. இலங்கை வரலாற்றிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். இலங்கையின் அரசியலமைப்பை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைகளின்படி 1931-ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமையுடன் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணிக்குமாறு அழைத்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. அவ்விடங்கள் 1934-ஆம் ஆண்டின் இடைத்தேர்தல் வரை வெறுமையாகவே இருந்தன. இந்நிகழ்வைப் பற்றி ஆளுநர் அலுவலகம் குடியேற்ற நாடுகள் அமைச்சுக்கு எழுதிய கடிதம் ஒன்றைக் கூற, அக்காலப் பத்திரிகைக் கட்டுரை வேறொன்றைக் கூற, பிற்காலத்தில் ஒரு கட்சிக்காரர் எழுதிய நினைவுக் குறிப்பு மற்றுமொன்றைக் கூறுவதில் வியப்பில்லை. மூன்றையும் அருகருகே வைத்து, எது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று நியாயம் கூறி ஆயிரத்து ஐந்நூறு சொற்களில் எழுதுவதே வரலாற்று மாணவரின் வேலை. அதைச் செய்யும் திறன் ஒருவருக்குப் பிறப்பிலேயே வந்துவிடுவதில்லை. நல்ல ஏ லெவல் வகுப்பில் படித்தவர்கள் அதில் ஓரளவு பயிற்சி பெற்று வருகிறார்கள். அந்த வாய்ப்பு இல்லாதவர்களுக்கு அதைப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும் இடம் அடித்தள ஆண்டு.

அந்த ஆண்டின் பெரும்பகுதி வாசிப்பிலும் எழுத்திலும் கழிகிறது. ஒரு நூலை முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை படிக்காமலே அதன் வாதத்தைக் கண்டுபிடிக்கும் முறை, மேற்கோள் காட்டும் ஒழுங்கு, பிறர் கருத்தையும் தன் கருத்தையும் பிரித்துக் காட்டும் நேர்மை, சிறு குழு வகுப்பில் விரிவுரையாளரோடு மரியாதையாக முரண்படும் துணிவு ஆகிய யாவும் அங்கே பழக்கப்படுகின்றன. கடைசியாகச் சொன்னது நம்மவருக்கு மிகவும் கடினமானது. ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொள்ளப் பழகிய நமக்கு, 'உங்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை, ஏனென்றால்' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல மாதங்கள் பிடிக்கின்றன. நேரே முதலாம் ஆண்டில் சேர்ந்து, இவற்றைக் கற்க நேரமின்றித் தடுமாறி இடையில் விலகுவதைவிட, ஓர் ஆண்டைக் கூடுதலாகச் செலவிடுவது எத்தனையோ மடங்கு மேலானது என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த வழி யாருக்குத் தேவைப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் போரால் வீடு வாசலை விட்டு வெளியேறியபோது உயர்தர வகுப்பில் இருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எங்களில் பலருக்குப் படிப்பு அந்த இடத்திலேயே நின்றுபோனது. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் சில காலம் வாழ்ந்து பின்னர் இங்கு குடியேறியவர்கள், அந்நாட்டுச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு எந்த வாசலைத் தட்டுவது என்று அறியாது இருக்கிறார்கள். பெற்றோரின் விருப்பத்துக்காக இரசாயனவியலும் உயிரியலும் எடுத்துக் குறைந்த பெறுபேறுகளுடன் வெளிவந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளை வளர்த்து முடித்த தாய்மாரும் இருக்கிறார்கள். இவர்களுள் ஒருவருக்கு வரலாற்றில் உண்மையான ஆர்வம் இருக்குமானால், அதற்கான வாசல் திறந்தே இருக்கிறது. தொழிலாளர் கல்விக்காக 1823-இல் தொடங்கப்பட்டு, மாலை நேரக் கல்விக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இலண்டன் பேர்க்பெக் கல்லூரி, அடித்தள ஆண்டுடன் கூடிய வரலாற்றுப் பட்டத்தை வழங்குகிறது. முறையான தகைமைகள் இல்லாத முதிர்ந்த மாணவர்களின் விண்ணப்பங்களையும் அது பரிசீலிக்கிறது. புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போம் 1947 முதல் வரலாறு கற்பித்ததும் அதே நிறுவனத்தில்தான்.

இது தரம் குறைந்த கல்வி என்று கருதுவோர் ஒக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் பார்க்கட்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கலை, மனிதப் பண்பியல், சமூக அறிவியல் துறைகளுக்கான அடித்தள ஆண்டில் தன் முதல் மாணவர்களை 2022-இல் சேர்த்துக்கொண்டது. ஒக்ஸ்போர்டின் அஸ்ட்ரோபோரியா அடித்தள ஆண்டு 2023-இல் தொடங்கியது. அதன் மனிதப் பண்பியல் பிரிவில் வரலாறும் ஒன்று. இவ்விரண்டும் கல்வி வாய்ப்புக் குறைந்த சூழலிலிருந்து வரும் மாணவர்களுக்கானவை, கட்டணமும் வாழ்க்கைச் செலவும் நிதியுதவியால் ஈடுசெய்யப்படுபவை, ஆகையால் இடங்கள் மிகச் சிலவே.

அடுத்தது பணம். இங்கிலாந்தில் வகுப்பறைப் பாடங்களுக்கான அடித்தள ஆண்டின் கட்டண உச்சவரம்பு, 2025 இலையுதிர் காலத்தில் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து 5,760 பவுணாகக் குறைக்கப்பட்டுள்ளது. வரலாறும் இந்த வகையில் அடங்கும். அதற்கு முன்னர் உச்சவரம்பு 9,250 பவுணாக இருந்தது. தகுதியுடைய மாணவர் இதைக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. அரசு மாணவர் கடன் அதை ஈடுசெய்கிறது. 2023 ஓகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டிய பின்னரே, தாண்டிய தொகையில் 9 சதவீதத்தைத் திருப்பிச் செலுத்துகின்றனர். 30,000 பவுண் சம்பளம் வாங்குபவருக்கு அது ஆண்டுக்கு 450 பவுண். நாற்பது ஆண்டுகளின் பின் எஞ்சியது தள்ளுபடியாகும். வங்கிக் கடனையும் வீட்டுக் கடனையும் நினைத்து அஞ்சுவது போல இதை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை, என்றாலும் வட்டி சேர்வதையும், நெடுங்காலம் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது.

கட்டணத்தைவிட மாணவரை அதிகம் சிக்க வைப்பது தகுதி விதிகள்தான். அகதி அந்தஸ்து கிடைத்தவர் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவருக்கு அது கிடைக்காது, அத்தகையோர் சில பல்கலைக்கழகங்கள் வழங்கும் புகலிடப் புலமைப்பரிசில்களைத் தேட வேண்டும். யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்கு, அது எந்நாட்டுப் பட்டமாயினும், இரண்டாவது முதற்பட்டத்துக்குப் பொதுவாகக் கடன் இல்லை. முன்பு ஒரு படிப்பைத் தொடங்கி இடையில் விட்டவருக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் கழிக்கப்படும். வாழ்க்கைச் செலவுக் கடன், அரசின் உதவிப் பணம் பெறும் குடும்பத்துக்கு வருமானமாகக் கணக்கிடப்படக்கூடும். இவற்றைக் கையெழுத்திடும் முன்னரே விசாரித்து அறிய வேண்டும்.

மற்றொரு வழியையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உள்ளூர்க் கல்லூரிகளில் 19 வயதுக்கு மேற்பட்டோருக்காக நடத்தப்படும், பல்கலைக்கழக நுழைவுக்குத் தயார்செய்யும் 'அக்சஸ்' டிப்ளோமா ஓராண்டிலேயே முடிகிறது. அதற்காகப் பெற்ற கடன், பின்னர் பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடி செய்யப்படுகிறது. அதை முடித்தவர் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அடித்தள ஆண்டோ பெரும்பாலும் ஒரே பல்கலைக்கழகத்தோடு மாணவரைக் கட்டிவைக்கிறது. எங்கே படிப்பது என்று இன்னும் முடிவு செய்யாத ஒருவருக்கு டிப்ளோமாவே நல்லது என்பது என் கருத்து. எந்தத் துறையில் படிக்கப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு, அத்துறையின் விரிவுரையாளர்களிடமே முதல் நாளிலிருந்து கற்பதன் பயன் அதிகம்.

அடித்தள ஆண்டின் பெயர் கெட்டதற்கும் காரணம் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் 2011-12 கல்வியாண்டில் ஏறத்தாழ 8,500 பேர் மட்டுமே இதில் சேர்ந்தனர். பத்தாண்டுகளில் அத்தொகை 69,000-ஐத் தாண்டியது. பெருகியவர்களில் பெரும்பகுதியினர் வணிக முகாமைத்துவப் படிப்புகளில் சேர்ந்தவர்கள். பட்டப்படிப்போடு இணைந்த அடித்தள ஆண்டுகளுக்கான மாணவர் நிதியை நிறுத்த வேண்டும் என்று உயர்கல்வி நிதியை ஆராய அரசு நியமித்த, பிலிப் ஓகர் தலைமையிலான குழு 2019-இலேயே பரிந்துரைத்தது. பல்கலைக்கழகங்களின் பெயரில் வேறு நிறுவனங்கள் நடத்தும் படிப்புகளில் மாணவர் கடன் முறைகேடாகப் பெறப்படுவது குறித்துத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2024 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. நம் சமூகத்திலும், 'வாரம் இரண்டு நாள் போனால் போதும், கடன் கைக்கு வரும்' என்று தொலைபேசியில் ஆட்களைத் திரட்டும் முகவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சிக்கியவர்களின் கதைகளே நம் வீடுகளில் பேசப்படுகின்றன. அந்தக் கதைகளை வைத்து, வரலாறு போன்ற துறைகளில் அக்கறையோடு நடத்தப்படும் சிறிய வகுப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒதுக்குவது அநீதி. கட்டணம் குறைக்கப்பட்டது மாணவருக்கு நன்மைதான். ஆனால் கலைத்துறைகள் பல இடங்களில் ஏற்கெனவே சுருக்கப்படும் நேரத்தில், வருமானம் குறைந்த இவ்வகுப்புகளைப் பல்கலைக்கழகங்கள் முதலில் கைவிடுமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. சேர்வதற்கு ஆளில்லை என்ற காரணத்தை நாமும் அவர்களுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்விக்கு மறுமொழி எளிது. ஆசிரியப் பணி, சட்டம், அரச சேவை, ஊடகம், ஆவணக் காப்பகங்கள், அருங்காட்சியகங்கள் என எழுத்தையும் ஆதாரத்தையும் கையாளத் தெரிந்தவரைத் தேடும் இடங்கள் பல உள்ளன. எனினும் நம் சமூகத்துக்கு அதற்கும் மேலான ஒரு தேவை இருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. ஊரில் அழிந்துபோனவை எல்லாவற்றையும் மீட்க முடியாது. ஆனால் குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட ஆளுநர் கடிதங்கள் இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'சிஓ 54' என்ற வரிசையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சென்னை மாகாணம் உள்ளிட்ட கிழக்கிந்தியக் கம்பனியின் பதிவேடுகள் செயின்ட் பான்கிராஸிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. இரண்டு இடங்களிலும் வாசகர் அட்டை இலவசம். இலண்டனில் பேருந்தேறிச் சென்றால் எட்டிவிடக்கூடிய அந்த ஆவணங்களை, தமிழும் ஆங்கிலமும் அறிந்து, ஆவணத்தைக் கேள்வி கேட்கவும் பயின்ற நம் பிள்ளைகள் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறார்கள்? மேடைகளில் நம் வரலாற்றைப் பற்றிப் பேசுவோர் பலர் இருக்கிறார்கள். ஆதாரத்தோடு எழுதுவோர் மிகவும் குறைவு. இந்தக் குறையை நினைக்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

ஆகவே, தங்கள் கல்விப் பக்கத்தில் அடித்தள ஆண்டு பற்றி, குறிப்பாகக் கலைத்துறைகளில் அது எவ்வாறு நடைபெறுகிறது என்பது பற்றி, ஒரு விரிவான கட்டுரை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெறுபேறுகள் வெளியாகும் ஓகஸ்டில் அன்றி, ஒக்டோபரிலேயே அது வெளியானால் பயன் மிகும். ஏனெனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் ஊடாக விண்ணப்பிப்பதற்கான முதன்மைக் காலக்கெடு ஜனவரியில் வருகிறது. அத்துடன் 2026 சேர்க்கை முதல், விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி எழுதும் பகுதி மூன்று கேள்விகளாக மாற்றப்பட்டுள்ளது. ஏன் இந்தப் பாடம், இதுவரை கற்றவை எவ்வாறு உதவும், கல்விக்கு வெளியே செய்தவை என்ன என்பவையே அவை. மூன்றாவது கேள்விக்குக் கடை நடத்தியவரும், முதியோரைப் பராமரித்தவரும், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்பித்தவரும் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கிறார்கள். அதை எப்படி எழுதுவது என்பதற்கான மாதிரி விளக்கம் ஒன்றும் அக்கட்டுரையில் இடம்பெற்றால் பலருக்கு உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
வரலாற்று மாணவன் ஒருவன்,
கிழக்கு இலண்டன்.