பழுதான ராம் ஜோடியை மாற்றித் தருவது தொடர்பாக

வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்களிடம் வாங்கிய 16 ஜிபி டிடிஆர்4 ராம் (கொம்பியூட்டரின் நினைவகம்) ஜோடியில் ஒரு 8 ஜிபி ஸ்டிக் பழுது. மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். கொழும்புக்கு அனுப்பினேன், "செக் பண்ணியது, வேலை செய்கிறது" என்று ஒரு துண்டு எழுதி அதே ராமைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

இது நானே பூட்டிய முதல் கொம்பியூட்டர். அதைச் சொன்ன நேரத்திலிருந்து உங்கள் ஆட்களிடம் ஒரே பதில்தான்: "நீங்கள் பூட்டினதில்தான் பிழை தம்பி." நானும் அதை நம்பினேன், அதுதான் எனக்கு இப்போதும் கவலை. விண்டோஸ் ஏற்றும்போது இரண்டு தரம் பாதியில் நின்றது, பென்ட்ரைவ் சரியில்லை என்று புதிதாக வாங்கினேன், மதர்போர்டைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன், ராமின் தங்கக் கால்களை அழிறப்பரால் துடைத்தேன். விண்டோஸ் திடீரென்று நின்று பிழை காட்டும் நீலத் திரை வருவது நிற்கவில்லை. ஒருநாள் பிழையின் பெயர் மெமரி மேனேஜ்மென்ட் என்று வரும், அடுத்த நாள் வேறு பெயர், சில நாள் இரவு வரைக்கும் ஒன்றும் வராது.

பிறகுதான் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்ட்ரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் திரையில் வரிசையாகச் சிவப்பில் பிழைகள். ராமைக் கூடிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பை நிறுத்தி, சாதாரண 2133 வேகத்தில், ஒவ்வொரு ஸ்டிக்காக ஒரே சொக்கெட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்று நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடித்தது. மற்றதில் ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரியில் பிழை. சொக்கெட்டை மாற்றினேன், பிழையும் அந்த ஸ்டிக்கோடேயே போனது. அப்படியென்றால் மதர்போர்டும் இல்லை, நான் பூட்டிய விதமும் இல்லை.

உங்கள் டெக்னீஷியனிடம் போனில் கேட்டேன். ராமைப் போட்டு விண்டோஸ் வருகிறதா என்று பார்த்ததாகச் சொன்னார். அது சோதனையே இல்லை. ஒரு 8 ஜிபி ஸ்டிக்கில் 6,800 கோடிக்கு மேல் பிட்கள் இருக்கின்றன, அதில் ஒன்றிரண்டு கெட்டிருந்தால் அந்த இடத்தில் ஏதாவது எழுதும் வரைக்கும் வெளியே தெரியாது. எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: அம்மம்மாவின் பழைய படங்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றினேன், சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டன. பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்தபடியால் தப்பியது.

எனக்கு வேண்டியது இதுதான். இரண்டு ஸ்டிக்கையும் ஜோடியாக மாற்றித் தாருங்கள். ஒன்றை மட்டும் வேறு பெட்டியிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டாம், இரண்டும் சேர்ந்து 3200 வேகத்தில் ஓடும் என்று சோதித்து ஒரே பெட்டியில் விற்றதால்தான் அந்த ஜோடியை வாங்கினேன். நான் கட்டிய கூரியர் காசையும் தர வேண்டும். இனி அனுப்பினால் மெம்டெஸ்ட் முழுதாக ஓடவிட்டு, கடைசித் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பற்றுச்சீட்டு, இரண்டு ஸ்டிக்கின் சீரியல் இலக்கம், சிவப்புத் திரையின் படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். 10 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே படங்களோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவேன், அவர்களின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்துச் சொல்வேன்.

பழுதான ஸ்டிக்கில் சிறிய வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன், மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், யாழ்ப்பாணம்