இதயத் துடிப்புக் கோளாறு: பேச ஓர் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

இதய நோய் என்றாலே எல்லோரும் மாரடைப்பு பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கும் கோளாறு. வரும், போகும். ஈசிஜி எடுக்கிற நேரம் பார்த்து எல்லாம் சரியாக இருக்கும்! 'ரொம்ப யோசிக்கிறாய்' என்பார்கள் வீட்டில். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்குக் காத்திருக்கும் வரிசையில்தான் ஓர் அம்மா பழக்கமானார். "ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உங்களுக்கும் துடிப்பு காதில் கேட்குமா?" என்றார். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. படபடப்பு எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நோட்டில் குறித்துவைக்கச் சொன்னதும் அவர்தான். அதைப் பார்த்துவிட்டு டாக்டர், நாள் முழுக்க உடம்போடு இருந்து இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை மறுபடி மாட்டச் சொன்னார். மாத்திரை விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்வதில்லை. ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தை நாமாக நிறுத்தினால் பக்கவாதம் வரை போகலாம்.

மருத்துவமனைகள் எங்களைப் போன்றவர்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் ஓர் அறையை ஒதுக்கித் தரலாம். மேடை, மைக், சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் போதும். துணைக்கு வரும் வீட்டாரையும் உட்காரவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்