மாத்திரை தொல்லை இல்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இதய நலக் கட்டுரையில், அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயைப் பற்றி, ‘மருந்து தடவிய ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் மருந்து அதிலேயே இருக்கும், மாத்திரைத் தொல்லை குறையும்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. நீங்கள் படித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள். 22 வருடமாக உங்கள் இதழை வாங்குகிறோம். இந்த ஒரு தடவைதான் என் கணவர் கையில் கிடைக்காமல் எடுத்து ஒளித்துவைத்தேன்.

2015இல் அவருக்கு மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காவது மாதம் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டர், “ரத்தம் நிற்காது, அந்த மாத்திரைகளை 5 நாள் நிறுத்திட்டு வாங்க” என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிட்டுவந்த ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டு அட்டைகளையும் டப்பாவிலிருந்து எடுத்து ஃபிரிஜ்ஜின் மேல் வைத்தது நான்தான். இதய டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் விடிகாலை பனியன் முழுக்க வேர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டது. உயிர் தப்பியது. இதயத்தின் பம்பிங் 35 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இன்றைக்கும் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுகிறார்.

விஷயம் நீங்கள் எழுதியதற்கு நேர் தலைகீழ், ஐயா. வெறும் உலோக ஸ்டென்ட் வைத்த இடத்தில் உள்ளே தசை வளர்ந்து மறுபடி அடைக்கிறது என்றுதான் அதன் மேல் சிரோலிமஸ், எவரோலிமஸ் போன்ற மருந்தைத் தடவ ஆரம்பித்தார்கள். அதில் பலன் உண்டு, மறுக்கவில்லை. முன்பு 100 பேரில் 20, 30 பேருக்கு மறுபடி சுருங்கியது. இப்போது 10 பேருக்கும் கீழே. ஆனால் தசையைத் தடுக்கிற அதே மருந்து, கம்பியின் மேல் ரத்தக்குழாயின் உள்தோல் படர்ந்து மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. மூடாத கம்பியில் ரத்தம் உறையும். மூடும்வரை காவல் இந்த மாத்திரைகள்தான். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடம் இரண்டு மாத்திரையும் வேண்டும். சிலருக்கு நாளைக் குறைப்பார்கள், அதை இதய டாக்டர் சொல்ல வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘நிறுத்தக் கூடாது’ என்று போட்டுத்தான் இருந்தது, ஆங்கிலத்தில், கடைசிப் பக்கத்தில். தமிழில் நாலு வரி எழுதித்தர அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் நேரமில்லை. ஆனால் நெஞ்சு வலியோடு அவர் படுத்திருந்தபோது விலை அட்டையை நீட்ட நேரம் இருந்தது. ‘இது சாதா, இது மருந்து தடவியது, பத்து நிமிஷத்தில் சொல்லுங்க’ என்றார்கள். என் தாலிச் சங்கிலி அடகுக்குப் போய், மருந்து தடவிய ஒரு ஸ்டென்ட்டுக்கு மட்டும் 1,35,000 ரூபாய் கட்டினோம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதே வகை ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தபோது, அந்த ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். அப்போதும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை. சரி, இடமில்லாமல் போயிருக்கும்.

மாத்திரை என்றால் ஏன் இவ்வளவு இளக்காரம்? நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெஞ்சு வலி என்று போனால், ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதலில் 14 மாத்திரை கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அதில் இருக்கின்றன. 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ என்ற ஆய்வில் 5,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். மாரடைப்பு வராமல், நிலையாக அடைப்பு இருக்கிறவர்களுக்கு முதலில் மருந்தோடு நிறுத்திப் பார்த்தாலும், உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்று போனாலும், உயிரிழப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். வலி குறைவது வேறு, மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் உயிரைக் காப்பது வேறு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை.

இரண்டு வருடம் முன்பு அவருக்கு இன்னொரு பல் எடுத்தார்கள். இந்தத் தடவை இதய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போனோம். மாத்திரையை நிறுத்தவே இல்லை. ஒரு தையல் போட்டு, பஞ்சை வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னார்கள். அரை மணியில் ரத்தம் நின்றுவிட்டது.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், ஒரு சின்னக் கட்டம்: ‘ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், பிராசுக்ரெல், டிகாக்ரெலர் மாத்திரைகளை இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. பல் எடுப்பதற்கும் கேட்க வேண்டும்.’ எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி.