வளவு வீட்டு மராமத்து

காரைக்குடி

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

உங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான கானாடுகாத்தான் வளவு வீட்டின் மராமத்துக்கு மொத்தத் தொகை பேசி, 'எது வந்தாலும் கான்ட்ராக்டர் பொறுப்பு' என்று எழுதி வாங்கப்போகிறாயாமே. எனக்கு அது பிடிக்கவில்லை. போன வாரம் இரண்டாம் கட்டுக்குள் போய்ப் பார்த்தேன். உத்திரம் வெளியே பளபளவென்று இருக்கிறது. சுவருக்குள் செருகிய முனையைச் சாவியால் குத்தினால் மாவாக உதிர்கிறது. இப்படி இன்னும் எத்தனை முனைகளோ, பூச்சைக் கொத்திப் பார்க்காமல் எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. தெரியாததைத் தலையில் கட்டினால், விவரம் தெரிந்தவன் விலையை ஏற்றுவான். மற்றவன் குறைத்துக் கேட்டு வேலையைப் பிடித்துவிட்டு, சுண்ணாம்பு பூசவேண்டிய இடத்தில் சிமென்ட்டைப் பூசிவிட்டுப் போவான். ஈரம் உள்ளேயே அடைபட்டு, சுவர் உப்புப் பூத்து உரியும்.

லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையத்தைக் கட்டியபோது, விமான நிலைய நிறுவனமே பெரும்பாலான இடர்களை ஏற்றுக்கொண்டு, கான்ட்ராக்டர்களிடம் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லி, ஆன செலவையும் லாபத்தையும் அவர்களுக்குக் கொடுத்தது. 2008இல் சொன்ன நாளில் திறந்தார்கள். (அன்றே பயணிகளின் பெட்டிகள் குவிந்து சந்தி சிரித்தது வேறு கதை.)

அவ்வளவு தூரம் நீ போக வேண்டாம். ஆத்தங்குடித் தரை, வண்ணம், மின்சார வேலை போன்ற கண்ணுக்குத் தெரிகிறவற்றுக்கு மொத்தத் தொகை பேசு. சுவருக்குள்ளும் ஓட்டுக்கு அடியிலும் இருப்பதற்கு அளவுக் கணக்கு, அதாவது செய்த வேலையை அளந்து அதற்கேற்ற பணம். பிரித்தவுடன் இருவரும் நின்று அளந்து, நோட்டில் கையெழுத்திட வேண்டும். நம் பக்கம் நான் நிற்கிறேன். பில்லில் ஐந்து சதவீதத்தைப் பிடித்துவைத்து, ஒரு மழைக்காலம் தாண்டியதும் கொடு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் எழுதுவதைப் பெரிதாக நம்பாதே. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும்.

அந்தக் கான்ட்ராக்டருக்கும் உன்மேல் நம்பிக்கை இல்லை, தெரியுமா? பங்காளிகளில் பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் மலேசியாவில். பாதி வேலையில் ஒருவர் பணம் தரமாட்டேன் என்றால் அவன் யாரைப் போய்க் கேட்பான்? புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வசூலித்து, வேலை தொடங்குமுன் பொதுக் கணக்கில் போட்டுவிட்டு, பாஸ்புக்கை அவனிடம் காட்டு. கேட்ட விலையில் அவனே கொஞ்சம் இறங்குவான்.

ஐப்பசி மழைக்கு முன் ஓட்டு வேலை முடிய வேண்டும். உன் சின்ன அண்ணனின் சம்மதக் கடிதம் இன்னும் வரவில்லை. முதலில் அதை அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்